அலுமாரியில் கிடக்கும் இடது கைகள்

உங்கள் சாம்பிள் அறையில், ஜன்னலோரத்து அலுமாரியின் மேல்தட்டில் நான்கு கையுறைகள் கிடக்கின்றன. நான்கும் இடது கைக்கு. கையுறை என்று சொல்வதற்கும் அதில் பெரிதாக ஒன்றுமில்லை. உள்ளங்கைக்கு ஒரு துண்டுத் தோல், மூன்று விரலுக்கு மூன்று வளையம், மணிக்கட்டுக்கு ஒரு பட்டி, அவ்வளவுதான். போன மாதம் உங்களைப் பார்க்க வந்தபோது புதிதாகச் சேர்ந்த தங்கச்சி ஒருத்தி, "நானா, சோடி இல்லாத சாமான ஏன் இன்னும் வச்சிரிக்கிறாங்க? தூசி தட்டித் தட்டியே எண்ட கை போகுது" என்று கேட்டாள்.

நல்ல பிள்ளை. தெரியாததை வாய் திறந்து கேட்டாள். அந்த அலுமாரிக் கதை முழுவதும், வளர்ந்த ஆட்கள் இத்தனை பேர் இருந்தும் ஒருவரும் ஒரு கேள்வியைக் கேட்காததால் வந்த வினை. புதிதாக வந்திருக்கும் நீங்கள் எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள். தையல், வெட்டு எல்லாம் உங்களுக்கு வேறு ஆட்கள் படிப்பிப்பார்கள். நான் சொல்லப்போவது, நாங்கள் எப்படி முட்டாள்களானோம் என்பதை மட்டும்தான்.

யுத்தம் முடிந்து, கற்பிட்டிப் பக்கம் வெள்ளைக்காரர்கள் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்க வரத் தொடங்கிய காலம் அது. நம்முடைய தொழிற்சாலை அப்போது முந்தலில் ஒரு தகரக் கொட்டகை. முன்னால் றோட்டு, பின்னால் இறால் பண்ணைக் குளம். தோட்ட வேலைக்கும் வெல்டிங் வேலைக்கும் கையுறை தைத்துக்கொண்டிருந்தோம். நான் அங்கே பேட்டர்ன் வெட்டுகிறவன், எல்லோருக்கும் அண்ணன் முறையில் நானா. மேனேஜர் சிலாபத்துச் சிங்களவர். எங்களைப் போலவே தமிழ் கதைப்பார், கோபம் வந்தால் மட்டும் சிங்களத்துக்குத் தாவிவிடுவார். கோபம் அடிக்கடி வரும்.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. சாம்பிள் அறைக்குள் வந்த எதுவும், ஒரு நூல் முனை ஆனாலும், கேட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அன்றைக்கே வேலை போகும். வெருட்டுவதற்குச் சொன்னதல்ல. கழித்துப் போட்ட தோட்டக் கையுறை ஒன்றைப் பைக்குள் வைத்துக்கொண்டு போன ஒரு பிள்ளையை, கேட்டடியிலேயே நிறுத்தி வீட்டுக்கு அனுப்பியதை எல்லோரும் பார்த்தோம். பாவம், அது அழுத அழுகை இன்றைக்கும் என் காதுக்குள் இருக்கிறது.

எங்கள் அறையில் நுணுக்கத் தையலுக்கு ஒரே ஆள் வள்ளி. பக்கத்து மீன்பிடி ஊரான உடப்புக்காரி. அவளுடைய புருசன் முருகையா கரைவலை இழுக்கிறவர். கடலில் போட்ட வலையைக் கரையில் நின்று கயிற்றால் இழுக்கிற வேலை, தெரியும்தானே? உப்பேறிய கயிறு உள்ளங்கையைத் தின்றுவிடும். அந்த வருசம் அவருடைய வலது கை புண்ணாகிப் போனது. கடலும் சரியில்லை. வீட்டு அடுப்பு வள்ளியின் சம்பளத்தில்தான் எரிந்தது. ஒருநாள் அவள் மேனேஜரிடம் போய், கழிவுக் கையுறை ஒன்று தாருங்கள் ஐயா என்று நேராகவே கேட்டாள். "ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாருக்கும் குடுக்க வரும். ஏலாது" என்று விட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டு மெசினில் போய் உட்கார்ந்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் கொல்ஃப் மாத்தயாவின் ஈமெயில் வந்தது. அவருடைய உண்மைப் பெயர் எங்கள் ஒருவர் வாயிலும் நுழையவில்லை; சிங்களத்தில் ஐயா என்பதுபோல மாத்தயா என்றே வைத்துக்கொண்டோம். வெளிநாட்டில் கொல்ஃப் விளையாடுகிற பெரிய மனிதர். முழுக் கையுறை போட்டால் வியர்க்கிறதாம், போடாவிட்டால் கைபிடி வழுக்குகிறதாம். தோல் உரிகிற இடத்தை மட்டும் மூடி, மிச்சக் கையைக் காற்றுக்கு விடுகிற மாதிரி, எவ்வளவு சின்னதாக முடியுமோ அவ்வளவு சின்னதாக ஓர் உறை செய்ய முடியுமா என்று கேட்டிருந்தார். சரிவந்தால் பெரிய ஓடர். அதற்கென்று ஒரு தனித் தோலைப் பார்சலில் அனுப்பியிருந்தார். வெளிப்பக்கம் பிடிமானம், உள்பக்கம் வெண்ணெய். கற்பிட்டிக்கு விடுமுறைக்கு வருவதாகவும், ஊருக்குத் திரும்பும் நாளில் எயார்போட் போகிற வழியில் இறங்கிப் பார்ப்பதாகவும் எழுதியிருந்தார்.

கூடவே ஒரு படம். காகிதத்தில் தன் கையை வைத்து, சுற்றிப் பென்சிலால் கீறி, தோல் உரிகிற இடங்களைக் கறுப்பாக்கி அனுப்பியிருந்தார்.

கொல்ஃப் என்றால் என்னவென்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தடியால் பந்தை அடித்துவிட்டு ஓடுகிற நம்முடைய எல்லே மாதிரி ஒரு விளையாட்டு என்றார் வாச்சர். வள்ளிதான் எங்கேயோ விசாரித்துக்கொண்டு வந்தாள்.

"ஒரு தடியால சின்னப் பந்த அடிச்சுப்போட்டு, பொறகு அவங்களே அதைத் தேடிக்கொண்டு நடக்கிறதாம் நானா."

"ஏன் புள்ள, எடுத்துக் குடுக்க ஆள் இல்லையா?"

"இருக்கிறாங்களாம். அவங்களும் சேந்து நடக்கிறதாம்."

சரி, பணம் இருக்கிறவனுக்குப் பொழுது போக வேண்டுமே என்று விட்டுவிட்டோம்.

இப்போது அந்தப் படத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கீறின கையின் பெருவிரல் இடப்பக்கம் இருந்தது. கையைக் கவிழ்த்து வைத்துக் கீறியிருந்தால் அது வலது கை. ஆனால் கறுப்பாக்கிய இடங்கள் உள்ளங்கையில் அல்லவா இருக்கின்றன? உள்ளங்கையையே வரைந்திருக்கிறார் என்றால் அது இடது கை. நான் மேனேஜரிடம் போய், எந்தக் கை என்று ஒரு வரி எழுதிக் கேட்போம் என்றேன்.

"நானாவுக்கு விசரா? கையுறை தைக்கிறவனுக்குக் கை தெரியாதெண்டு நினைப்பான். கேக்கிறதெல்லாம் சரிவராது" என்றார்.

அறையில் இருந்தவர்கள் எல்லோரும் வலது கை என்றே சொன்னார்கள். சாப்பிடுவது வலது கையால், கொடுப்பது வாங்குவது வலது கையால், நல்ல காரியம் எல்லாம் வலது கையால். இடது கைக்கு மட்டும் தனியாக உறை வாங்குகிற மனிதன் எந்த ஊரில் இருக்கிறான்? எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

பேட்டர்னைக் குறைத்துக்கொண்டே வந்தேன். மூடுவது லேசு. எதை மூடாமல் விடலாம் என்று முடிவு செய்வதில்தான் எங்கள் உயிர் போனது. ஒவ்வொரு முறையும் ஒரு துண்டை வெட்டி எறிந்துவிட்டு, கையில் சவர்க்காரத் தண்ணீரைத் தடவி, கூட்டுகிற தும்புத்தடியைப் பிடித்து வீசிப் பார்ப்போம். அறையில் இருந்த பெண்பிள்ளைகள் எல்லோரும் வரிசையாக நின்று தும்புத்தடி சுழற்றிய நேரத்தில்தான் கொழும்பிலிருந்து முதலாளியின் ட்ரைவர் வந்தான். கதவைத் திறந்தவன், அப்படியே மூடிக்கொண்டு போய்விட்டான். சம்பளப் பிரச்சினை என்று நினைத்தானாம்.

கடைசியில் ஐந்து உறைகள். எல்லாம் வலது கை. ஒவ்வொன்றும் அவ்வளவு லட்சணம்.

மாத்தயா வர இன்னும் மூன்று வாரம் இருக்கும்போது மேனேஜரின் மச்சான் சிலாபத்துக்கு வந்தார். கொழும்பில் ஹோட்டல் ஒன்றில் வேலை. "கொல்ஃப் கிளவுஸா? அது இடது கைக்குத்தானே போடுறது" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டார். மேனேஜர் போனில் வீடியோ பார்த்தார். ஒருவர் விடாமல் எல்லோரும் இடது கையில் போட்டிருந்தார்கள்.

மறுநாள் காலை ஓட்டமாக வந்தார். "நானா! படத்தை எந்தக் கையால கீறியிருப்பான்? பென்சில் பிடிச்சது வலது கை. அப்ப கடதாசியில வச்ச கை?"

"இடது" என்றேன்.

"இவ்வளவு பேர் இருந்து என்ன வேலை? ஒருத்தருக்கும் மூளை இல்லையா?" அதற்குப் பிறகு சொன்னதெல்லாம் சிங்களம். அதை நான் இங்கே சொல்ல மாட்டேன்.

இப்போதாவது ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. முதலில் அறியாமையில் அவசரப்பட்டோம், இரண்டாவது முறை அறிவு வந்த உற்சாகத்தில் அவசரப்பட்டோம். இரண்டாவதுதான் மோசம், பிள்ளைகளே. வலது கை உறைகளை வெள்ளைக்காரர் கண்ணில் படாமல் எரிக்கச் சொன்னார் மேனேஜர். எரித்தோம். மிச்சமிருந்த தோல் முழுவதையும் போட்டு ஐந்து இடது கை உறைகள் தைத்தோம். தோல் சுத்தமாக முடிந்துவிட்டது.

அந்த நாள் வந்தது. வாடகை வான் வண்டியிலிருந்து இறங்கினார் மாத்தயா. நல்ல உயரம், வெயிலில் வெந்த மூக்கு, தோளில் ஒரு பை நிறையத் தடிகள். மேனேஜர் தட்டில் வெள்ளைத் துணி விரித்து ஐந்தையும் அடுக்கி வைத்திருந்தார். முதலில் உபசாரம். வள்ளி தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டினாள்.

அந்த மனிதர் கோப்பையை இடது கையால் வாங்கினார்.

எங்களுக்குள் யாராவது அப்படி வாங்கியிருந்தால், என்ன பழக்கம் இது என்று முகத்தைச் சுளித்திருப்போம். அன்றைக்கு முகம் சுளிக்க நேரமில்லை. மாத்தயா பட்டிஸ் பலகாரம் எடுத்ததும் இடது கையால். மேனேஜர் காட்டிய கடதாசியில் கையெழுத்துப் போட்டதும் இடது கையால். தடி பிடிப்பதும் மறுபக்கமாகத்தான். மற்றவர்கள் இடது கையில் போடுகிறதை இவர் வலது கையில் போடுகிறவர். பென்சிலை இடது கையால் பிடித்து, வலது கையைக் கவிழ்த்துக் கீறியிருக்கிறார். நாங்கள் முதலில் செய்ததுதான் சரி. அதைத்தான் எரித்துவிட்டோம்.

மாத்தயா ஓர் உறையை எடுத்து வலது கையில் வைத்துப் பார்த்தார், திருப்பினார், மற்றதையும் பார்த்தார். ரொம்ப அழகு, என்னுடையது எங்கே என்று கேட்டார்.

மேனேஜருக்கு எங்கிருந்து அந்த யோசனை வந்ததோ தெரியாது. உள்பக்கத்தை வெளியே திருப்பினால் மற்றக் கைக்குச் சரியாகும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். திருப்பிப் போட்டும் கொடுத்தார். நான் சொன்னேனே, அந்தத் தோலின் உள்பக்கம் வெண்ணெய். மாத்தயா கொட்டகைக்குப் பின்னால் போய், கால்களை அகட்டி நின்று, தடியை ஓங்கி ஒரு வீச்சு வீசினார். பந்து வைத்த இடத்திலேயே இருந்தது. தடி எழும்பிப் போய் இறால் குளத்துக்குள் விழுந்தது. பண்ணைக்காரன் கத்திய கத்தலில் றோட்டில் போனவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள்.

மாத்தயா கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. நேரத்தைப் பார்த்தார். இனி வேறு இடத்தில் கேட்டுப் பார்க்கிறேன் என்று மரியாதையாகச் சொன்னார். அந்தத் தோலில் அவருக்குச் சரியான கையில் ஒன்றே ஒன்று இருந்தால் போதும், ஓடர் நம்முடையது. ஒன்றுகூட இல்லை.

யாரோ என் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். வள்ளி.

"நானா, ஒண்டு இருக்கு."

"எங்க புள்ள?"

"அவர்ட கையில."

"ஆர்ட கையில?"

"எங்கட மனுசன்ட. எரிக்க எடுத்தப்ப ஒண்டை நான்... கரையில வலை இழுக்கிறார்." சீலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "சொன்னா எனக்கு வேலை போயிரும் நானா. சொல்லாட்டி எல்லாருக்கும் போயிரும் போல இருக்கு. நீங்க சொல்லுங்க, நான் என்ன செய்ய?"

யா அல்லாஹ்! இப்படி ஒரு கேள்வியை என்னிடம் ஏன் கொண்டுவந்தாள்? ஆறுதலாக யோசிக்கிற நேரமா அது? மாத்தயா வானின் கதவைத் திறந்துவிட்டார். நான் மேனேஜரைத் தாண்டிப் போய், எனக்குத் தெரிந்த இங்கிலீசை எல்லாம் திரட்டி, ஒரு வலது கை உறை இருக்கிறது, அதைச் சோதனைக்காக உடப்பில் ஒரு மீனவரிடம் நான்தான் கொடுத்திருக்கிறேன் என்றேன். வல்லாஹி என்று அல்லாஹ்மேல் சத்தியம் மட்டும் வாயில் வராமல் பார்த்துக்கொண்டேன்.

மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஆனால் மாத்தயாவின் முகம் மலர்ந்துவிட்டது. மீனவரா, கயிறு இழுக்கிறவரா, அருமையான யோசனை, வாருங்கள் போவோம், நானே அவரிடம் கேட்கிறேன் என்றார். உறையை மட்டும் ஆள் விட்டு எடுப்பிக்கலாம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். முருகையாவுக்கு இந்தச் சோதனைக் கதை எதுவும் தெரியாதே! கரையில் நிற்கிற மனிதரிடம் போனும் இருக்காது.

வானில் மாத்தயாவும் மேனேஜரும் முன்னால். வழிகாட்ட வள்ளி, அவளுக்குப் பக்கத்தில் நான். உடப்பு போய்ச் சேரும்வரை அவள் அம்மாளாச்சியைக் கூப்பிட்டாள், நான் எனக்குத் தெரிந்த துஆ எல்லாம் ஓதினேன்.

கரையில் ஆட்கள் வரிசையாக நின்று அம்பாப் பாட்டோடு கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்கள். முருகையா நடுவில். வலது கையில் எங்கள் உறை. அது என்ன நிறத்தில் இருந்தது என்று கேட்காதீர்கள். வாசம் அவருக்கு முன்னால் வந்தது.

வள்ளி மணலில் ஓடினாள். நாங்கள் கிட்டே போகுமுன் புருசனை எச்சரிக்கப் பார்த்தாள். "இஞ்ச பாருங்க! நானா சோதனைக்குக் குடுத்த உறை எப்படி இருக்கெண்டு ஐயாமார் கேக்க வந்திருக்கிறாங்க!" என்று கண்ணால் ஆயிரம் ஜாடை காட்டிக் கத்தினாள்.

முருகையா கயிற்றை விடாமலே திரும்பினார். அலைச் சத்தத்துக்கு மேலாகக் கதைத்துப் பழகிய தொண்டை.

"எந்த நானா? உனக்கென்ன விசரா? நீதானே சீலைத் தலைப்புல முடிஞ்சு கொண்டாந்த! ஆருக்கும் சொல்ல வேணாமெண்டும் நீதானே சொன்ன!"

அம்பாப் பாட்டே நின்றுவிட்டது. வள்ளி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் மணலைப் பார்த்தேன். மேனேஜருக்கு நம்மைப் போலவே தமிழ் தெரியும் என்று முன்பே சொன்னேன்.

மாத்தயாவுக்குத்தான் ஒரு சொல்லும் விளங்கவில்லை. என்ன சொல்கிறார், என்ன சொல்கிறார் என்று மேனேஜரின் தோளைத் தட்டினார்.

மேனேஜர் முருகையாவின் கையைப் பார்த்தார். உறை மூடாத இடங்களில் பழைய புண் காய்ந்த தழும்பு தெரிந்தது. மூடிய இடம் எப்படி இருந்தது என்று பார்க்க, உறையைக் கழற்றச் சொன்னார். உள்ளே தோல் ஆறியிருந்தது. பிறகு வள்ளியைப் பார்த்தார். அவள் அழக்கூட மறந்து நின்றாள். நான் அவரோடு அத்தனை வருசம் வேலை செய்திருக்கிறேன், அவர் ஒரு பதில் சொல்ல அவ்வளவு நேரம் எடுத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கடைசியில் இங்கிலீசில் சொன்னார்: "சின்ன விரல் வளையம் கொஞ்சம் இறுக்கமாம். மற்றபடி ரொம்ப நல்லமாம்."

மாத்தயா உறையைக் கடல் தண்ணீரில் அலசி, பிழிந்து, தன் வலது கையில் போட்டார். விரல்களை மடக்கி விரித்தார். "சரியாகச் சொல்கிறார், சின்ன விரல்தான் இறுக்கம்" என்றார்.

மேனேஜருக்கு இருமல் வந்துவிட்டது.

பிறகு மாத்தயா பையிலிருந்து ஒரு தடியை எடுத்து, ஈர மணலில் பந்தை வைத்து வீசினார். பந்து வலை மிதவைகளைத் தாண்டிக் கடலுக்குள் போனது. தடி கையிலேயே நின்றது. கயிற்றுக்காரர்கள் எல்லோரும் "ஓ" என்று கத்தினார்கள். ஒரு பெடியன் பந்தை எடுக்கக் கடலில் பாய்ந்தே விட்டான். எங்கே அதிகம் தேய்ந்திருக்கிறது என்று மாத்தயா உறையைப் படம் பிடித்துக்கொண்டார். அந்த இடத்தில் இரட்டைத் தோல் வேண்டும் என்றார். உறையைக் கழற்றி, தானே முருகையாவின் கையில் மாட்டிவிட்டார். இது இவருடையது, எனக்குப் புதிதாகத் தையுங்கள் என்றார். ஓடர் அந்த மணலிலேயே முடிந்தது. நீங்கள் இன்று வேலை செய்கிற மாடிக் கட்டடம் அதற்குப் பிறகு வந்ததுதான்.

மாத்தயா அப்படியே எயார்போட் போய்விட்டார். நாங்கள் மூவரும் ஓட்டோ பிடித்து முந்தலுக்குத் திரும்பினோம். கேட்டில் இறங்கியதும் வள்ளி உள்ளே போகாமல் நின்றாள். முன்பு வேலை போன பிள்ளை அழுதுகொண்டு நின்ற அதே இடம். மேனேஜர் அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. என்னை மட்டும் சாம்பிள் அறைக்குக் கூப்பிட்டார்.

"நானா, சோதனைக்கு எத்தினை குடுத்தீங்க?"

"ஒண்டு சேர்."

"வலது கைக்கு மட்டும்?"

"ஓம்."

அலுமாரியைத் திறந்தார். யாருக்கும் உதவாத ஐந்து இடது கை உறைகளும் தட்டில் கிடந்தன. எரிக்கச் சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன். ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார்.

"மனுசன் ஒத்தைக் கையாலயா வலை இழுக்கிறான்? சோதனை அரைவாசியில நிக்குது. அந்தப் புள்ளைக்கிட்ட குடுங்க. மெசினுக்குப் போகச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு வெளியே போய், முற்றம் கூட்டவில்லை என்று யாரையோ சிங்களத்தில் ஏசத் தொடங்கினார். நான் உறையைக் கொண்டுபோய் வள்ளியிடம் கொடுத்தேன். அவள் அதை வலது கையால் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

தூசி தட்டுகிற தங்கச்சி, அதனால்தான் அங்கே நாலு இருக்கிறது. நீ அதைத் தொடும்போது கொஞ்சம் மெதுவாகத் தொடு.